எண்டெவர் எங்கிருந்து வந்தது

பிடி வழுக்காமலிருக்க விரலால் சாம்பலைத் தொட்டு, தறியில் தீர்ந்துபோன பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சேர்த்து முறுக்கியபடி ஜெயப்ரியா அக்கா கேட்டார்: "இந்த எண்டெவரு எங்கர்ந்து வந்துச்சு தம்பி?"

"விடாமுயற்சின்னு அர்த்தம்க்கா. அடுத்த வார்த்தைக்குப் போலாம்."

"அர்த்தத்த யாரு கேட்டா? எங்கர்ந்து வந்துச்சு?"

முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைப்பது அவர் தொழில். ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசைக்கு, ஆயிரக்கணக்கில் இழைகள். ஓர் இழைக்கு எதிர் இழை கிடைக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். நான் சொல்லித்தரும் ஆங்கிலப் பாடத்திலும் இதே பிடிவாதம். சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு வரும் ஆடியோடு நாற்பது முடிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றிருக்கிறார். படிக்க வேண்டிய சொற்கள் நூற்றிருபது. இரண்டு வாரத்தில் நாங்கள் முடித்தது பத்தொன்பது.

வேறு வழியில்லாமல் கைபேசியில் தேடிச் சொன்னேன். பழைய பிரெஞ்சில் 'கடமையில் தன்னை நிறுத்திக்கொள்வது' என்று ஒரு தொடர். அது ஆங்கிலத்துக்குள் வந்து ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. விடாமல் முயல்வது என்ற பொருள் பிறகு வந்ததாம்.

அக்காவின் விரல்கள் நின்றன. "அப்ப கடமதான் மொதல்ல. இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இவ்ளோ நேரம் பேஜார் பண்ணிகினு."

பேஜார் பண்ணியது நானாம்.

தேர்வன்று காலை பத்து மணிக்கு ஆரணியில் இருக்க வேண்டும். ஒன்பதேகாலுக்கு தசரதன் அண்ணனின் ஆட்டோவோடு போனால், அக்கா வீட்டில் இல்லை. பொன்னம்மாள் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மின்சாரம் போனதில் இருநூறு இழை மீதியாம்.

"மத்தியானம் வந்து போடுடின்னு நானும் காலைலர்ந்து சொல்லிகினு கீறேன். கேட்டாதானே" என்றார் பொன்னம்மாள்.

"அக்கா, ஹால் டிக்கெட்?"

"பையில கீது. கத்தாத, எழ தப்புது."

"உங்க கடமைய சாயந்தரம் பாத்துக்கலாம்க்கா."

"நீதான கண்டுபுடிச்சுக் குடுத்த."

"அங்க கேட்ட மூடிடுவாங்கம்மா, ஜல்தி வா" என்று வெளியே தசரதன் அண்ணன் ஹாரனை அமுக்கினார்.

ஒன்பது ஐம்பதுக்குக் கடைசி இழையை முறுக்கினார். எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. போகிற போக்கில் புறங்கையால் பாவை ஒருமுறை தடவினார். நடுவில் ஓரிடத்தில், பிணையாமல் தொங்கிய ஓர் இழையில், கை நின்றது. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.