ஒன்பது நாள் அசையாத ஏரி

மலையடிவார நீர்நிலை அலுவலகத்தில் அசில்கான் பத்தொன்பது வருடமாக எழுத்தர். ஜூலை முதல் வாரம் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது: பட்டியலில் ஒரு கட்டம்கூட வெற்றாக இருக்கக் கூடாது. ஊர்ப்பெயரை முதல் வரியில் மட்டும் எழுதி, கீழே வெறுமனே விடுவதுதான் வழக்கம். அவள் கணினியில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, வெற்றுக் கட்டங்களை மட்டும் பிடித்து, சமக்குறி போட்டு மேல் அம்பை அழுத்தி, கன்ட்ரோலோடு என்டரைத் தட்டினாள். மேலே உள்ளது கீழெல்லாம் இறங்கியது. அன்றிலிருந்து தினம் மாலை அப்படியே செய்து அனுப்பினாள்.

இருபத்தாறாம் தேதி காலை, சும்மா கண்ணை ஓட்டியபோது பனி ஏரியின் நீர்மட்டத்தில் பார்வை நின்றது. பதினேழாம் தேதி இருநூற்றுப் பதினான்கு. மறுநாளும் அதே. ஒன்பது நாளும் அதே. கொளுத்தும் ஜூலையில் பனி உருகும் ஏரி அப்படி நிற்காது.

வயர்லெஸ் அறையில் கேட்டாள். ஏரிக் காவலர் தோகோன் பதினேழாம் தேதிக்குப் பிறகு பேசவில்லையாம். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறார்கள். அதில் முந்தைய நாள் எண்ணை இறக்கியது அவள் தட்டிய என்டர்தான்.

அவள் அதிகாரி நுர்தினிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது இளையவன்.

"ஏரி ஒன்பது நாளா அசையல, நுர்தின்."

"நல்லதுதானே அக்கா. இந்த வருஷமாவது சமத்தா இருக்கட்டும்."

"ஏரி சமத்தா இல்ல. தோகோன் சொல்லாததை எல்லாம் நான் சொல்லியிருக்கேன்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். அனுப்பியதைத் திருத்தினால் இரண்டு பேர் வேலையும் போகும், குதிரையில் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றான். மேலே போய்ச் சேரவே இரண்டு நாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள். பாலத்தூண்களின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. இந்த வெயிலுக்கு ஆறு கரை முட்ட ஓட வேண்டும். மேலே எங்கோ தண்ணீர் அடைபட்டு நிற்கிறது.

ஏரிக்குக் கீழே உள்ள முதல் ஊரின் தலைவர் சாதிருக்குப் போன் போட்டாள். எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றச் சொன்னாள்.

"மேலிடத்து உத்தரவா?"

"இல்ல. நான்தான் சொல்றேன். தப்பாப் போனா என்னைத் திட்டுங்க."

"காலையிலேருந்து மீனெல்லாம் சேத்துல துள்ளிக்கிட்டுக் கிடக்கு," என்றார் சாதிர். "பிள்ளைங்க பொறுக்க ஆத்துக்குள்ள இறங்கியிருக்குதுங்க."

"கூப்பிடுங்க அவங்கள. இப்பவே."

அன்று மாலை மூன்று மணிக்கு அடைப்பு உடைந்து, கல்லும் மண்ணுமாக வெள்ளம் இறங்கியது. பதினோரு வீடும் பாலமும் போயின. மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போன ஒருவரைத் தவிர எல்லாரும் மேட்டில் இருந்தார்கள்.

பிறகு குதிரையில் மேலே போனவர்கள் தோகோனைக் குடிசைக் கட்டிலில் கண்டார்கள். காலில் பூட்ஸ் இருந்தது. இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோட்டில் கடைசி எழுத்து பதினேழாம் தேதியுடையது.

விசாரணையில் அசில்கான் எதையும் மறைக்கவில்லை. வேலை போனது. நாற்பதாம் நாள் படையலுக்குத் தோகோன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"தினமும் அவர் பேருக்கு நேரா நம்பர் வந்துதாம். அதனாலதான் யாரும் மேல போய்ப் பாக்கலையாம். நிஜமா?"

"நிஜம்தான்."

அந்தம்மா கிண்ணத்தில் தேநீரை விளிம்பு தளும்ப ஊற்றி நீட்டினாள். அந்தப் பக்கம் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால் இருக்கச் சொல்கிறார்கள். தளும்ப ஊற்றினால் கிளம்பச் சொல்கிறார்கள். அசில்கான் சூடு பொறுத்துக் குடித்துவிட்டு எழுந்தாள்.