வாலுக்கு அடியில் ஒரு பட்டை

கல்லூரி மூன்றாம் ஆண்டில், மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நானும் நண்பனும் எட்டு மாதமாக ஒரு ரேடியோ கண்ட்ரோல் விமானம் கட்டினோம். அவன் நீலசந்திராவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். வரைபடம் அவனுடையது. தலைகீழாகத் தரையை ஒட்டி ஓட்டவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

நாங்கள் ஓட்டிப் பழகிய விமானத்தில் வாலின் பின்னோரம் சற்றுத் தூக்கியிருக்கும். கையை எடுத்தாலும் மூக்கைத் தூக்கித் தானாக நிமிர்ந்துகொள்ளும். இவன் வரைந்ததில் இறக்கையும் வாலும் ஒரே கோணம். "இதுக்கு மேல் எது, கீழ் எதுன்னே தெரியக் கூடாது மச்சி" என்பான்.

ஞாயிறு ஓட்டுவதாக இருந்தோம். சனிக்கிழமை அவனுக்கு ஓவர்டைம். வாலை ஒட்டும் வேலையை என்னிடம் விட்டான். நூலகத்தில் விமானம் பற்றி ஒரே ஒரு அத்தியாயம் படித்திருந்தேன். எனக்கு அது போதும் என்று தோன்றியது. வாலுக்குக் கோணம் வைக்க மறந்துவிட்டான், பாவம் என்று நினைத்து, வாலின் பின்னோரத்துக்கு அடியில் பால்சா என்ற லேசான மரத்தில் சீவிய இரண்டு மில்லிமீட்டர் பட்டை வைத்து ஒட்டினேன். நன்றாகப் பறந்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

ஓசூர் ரோட்டுக்கு அப்பால் ஒரு வற்றிய ஏரி. விமானம் ஏறியதுமே மூக்கைத் தூக்கியது. ஏன் இப்படித் தூக்குகிறது என்று கேட்டான். காற்று என்றேன். கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரில் டிரிம் பொத்தானைத் தட்டி ஓரளவு சரிசெய்துகொண்டு இரண்டு சுற்று ஓட்டினான். பிறகு தாழ இறக்கித் தலைகீழாகப் புரட்டினான். நிமிர்ந்திருந்தபோது மேலே தூக்கிய அதே வால், இப்போது மூக்கை மண்ணைப் பார்த்துத் தள்ளியது. ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் எழவில்லை, தரையில் குத்தியது.

நான்தான் முதலில் ஓடிப்போனேன். வால் மட்டும் உடையாமல் கிடந்தது. பட்டையைப் பிய்த்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் மெதுவாக வந்து குந்தி, என்ஜினில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தான்.

"லேட்டா தள்ளிட்டேன்டா. தப்பு என் கைதான்."

வாயைத் திறந்தேன். ஆறுதல் சொல்லப்போகிறேன் என்று நினைத்து, "விடு குரு" என்றான்.

அந்த வாரமே டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்குப் படிப்பு இருக்கிறதாம், தனக்குக் கை வராதாம். வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று அவன் பட்டறை வாசல்வரை மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது, போவதும் நின்றது.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். இடுப்பில் மகள், மூன்று வயது இருக்கும். அவளுக்கு என்னைக் காட்டினான்.

"இந்த அங்கிள் ஏரோபிளேன் செய்வாருடா கண்ணு. அப்பாதான் அதை உடைச்சிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் குழந்தையிடம் பெயர் என்னவென்று கேட்டேன்.