பின்னால் நிற்பவர்கள்

"அந்தப் பொம்பளைக்குக் கொடம் கனக்குது டீச்சர். எத்தன தரம் நடக்க வுட்டாங்களோ" என்கிறார் புஷ்பம் அக்கா. திரையில் கதாநாயகி காதலனிடம் அழுது விடைபெற்றுக்கொண்டிருக்கிறாள். அக்கா பார்ப்பது அவளையல்ல, பின்னால் தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோகும் யாரோ ஒருத்தியை. கை தன் பாட்டுக்கு மடியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறார். ஐம்பது தாண்டிவிட்டது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் அவருக்கு அடுத்த வீடு. ஆறரை மணி நாடகத்தை அவர் வீட்டில்தான் பார்க்கிறேன். நாடகத்தைவிட அவர் சொல்லும் அபிப்பிராயங்களுக்காகப் போகிறேன் என்பதே சரி.

"மூணு வாரமா ஒரே கல்யாணம். தட்டு புடிச்சிக்கிட்டு நிக்கிற அந்தப் புள்ளைக்குக் கை வலிக்காதா?" சண்டைப் படம் என்றால் கவிழ்ந்த மரக்கறி வண்டியோடு அவர் மனம் நின்றுவிடும். வண்டிக்காரன் பிறகு என்ன ஆனான் என்று கடைசிவரை காட்டவே இல்லை என்பார். எல்லாரும் கொண்டாடிய ஒரு படத்தைப் பற்றிக் கேட்டதற்கு, கூட்டத்தில் நின்றவர்கள் நன்றாக நின்றார்கள் என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு சிங்களப் படக் கூட்டம் இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்ததாம். அவருடைய கணவர் முத்துவீரனைப் பின்னால் ஒரு மரத்தில் பால் வெட்டச் சொல்லி நிறுத்தினார்களாம். "மே பத்த பலன்ன எப்பா" என்று மூன்று முறை சொன்னார்களாம், இந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று. அவரும் பார்க்காமல்தான் வெட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பால் வாளியோடு வந்த அக்கா, கமராவுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"என்னயப் பாத்ததும் திரும்பிச் சிரிச்சிட்டாரு டீச்சர். அத யாரும் கவனிக்கல. அப்பிடியே படத்துல வந்திருச்சு."

முத்துவீரன் இறந்து ஆறு வருடம். மலையேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அடையாள அட்டையிலும் கல்யாணப் படத்திலும் யாரையோ முறைப்பதுபோல் இருப்பார். சிரித்தது அந்த ஓரிடத்தில் மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும். அன்றைக்கு அக்கா வேலைக்குப் போகமாட்டார். ஆனால் படத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கத ஒன்னும் சரியில்லீங்க. அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுதுன்னு அவளுக்கே தெரியல."

போன சித்திரையில் படம் போட்டார்கள். அந்தக் காட்சி வரவில்லை. நேரத்துக்காக வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அக்கா முடிவுவரை, எழுத்துக்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அடுப்புப் பக்கம் போனார். அடுத்த இரண்டு வாரம் நாடகமும் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஆறரை மணி வெறிச்சென்று இருந்தது.

மாவனல்லையில் துணிக்கடையில் வேலை செய்யும் அக்காவின் மகள் ஷாமிளா, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தையும் ஃபோனில் தேடிப்பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த இடத்துக்கு ஓட்டி, முத்துவீரன் திரும்பிச் சிரிக்கும்போது நிறுத்தினாள். இதையே ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுவிடலாம் என்றாள்.

அக்கா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் புள்ள. நிப்பாட்டுனா சொவத்துல மாட்டுற படமாயிருது. ஓட வுடு. ஓடுனாத்தான் திரும்புறாரு."

ஷாமிளா என்னைப் பார்த்தாள். பின்பு அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள். மரங்கள், பனி, கத்தியோடு ஒரு முதுகு. அது திரும்பப் போகிற நேரத்தில் கதாநாயகன் வசனம் பேசிக்கொண்டே குறுக்கே வந்தான். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவனைத் தாண்டிப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டி, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.