லாரி–சைக்கிள் மோதல்

விழுப்புரம் கல்லூரியில் வரலாறு படித்த காலம். "ஆர்மீனியர்–முஸ்லிம் மோதல்" என்று பேராசிரியர் பாடம் நடத்தினார். முதல் உலகப் போரின்போது, சரிந்துகொண்டிருந்த துருக்கிப் பேரரசு தன் ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடிமக்களைப் பெண்டு பிள்ளைகளோடு பாலைவனத்துக்கு விரட்டிச் சாகடித்தது. அதற்குப் பெயர் மோதலாம்!

அந்த வாரம்தான் கூட்டேரிப்பட்டில் சைக்கிளோடு சாலையோரம் நின்றிருந்த என் மாமாவை லாரி அடித்துக் கொன்றது. "லாரி–சைக்கிள் மோதல்" என்று போட்டது செய்தித்தாள். அத்தை கொதித்தாள்: "ஓரமா நின்னுக்கினு இருந்த மனுசன். அவுரா போயி லாரி மேல மோதனாரு?"

மறுவாரம் வகுப்பில் எழுந்து, "ஆர்மீனியருக்கு நடந்தது மோதல் இல்லீங்க சார், கொலை" என்றேன்.

"ரெண்டு பக்கமும் பாக்கணும்பா" என்றார் அவர், சிரித்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்துட்டேங்க சார். லாரிக்கு ஒரு கீறல்கூட விழல."