யார் பேச்சைக் கேட்கும் இந்தக் கேமரா?

என்டர் விசையை அம்மா நடுவிரல் கணுவால்தான் தட்டுவாள். விரல்நுனியில் இன்னும் சாக்பீஸ் தூள் இருப்பதாக நினைப்பு. பெயர் வத்ஸலா. சின்னக் காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. மென்பொருளையும் மாணவி மாதிரிதான் நடத்துவாள். “ஏண்டி முழிக்கறே? மெனுவைத் திற.”

பழைய மாணவி ஷாரோன், தன் ஆய்வுக்கூடத்தின் அதிவேகக் கேமராவை இரவல் கொண்டுவந்து மடிக்கணினியில் இணைத்திருந்தாள். மாலையில் திரும்ப எடுத்துப் போய்விடுவாள். மேசைமேல் இரண்டு பட்டாசுக் காய்கள். தண்ணீர் பட்டால் வெடித்து விதை தெறிக்கும் களைச்செடிக் காய். ஓரிக்கைப் பக்கம் நடக்கப் போனபோது அப்பா பறித்து வந்தவற்றில் மீதி. அப்பா போன மாதம் இறந்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரு சண்டை. காய் நுனியிலிருந்து பிளக்கிறது என்பார் அப்பா. காம்பிலிருந்து என்பாள் அம்மா. கண்ணுக்குப் பிடிபடாத வேகம். “இன்னிக்குத் தீர்ப்பு!” என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

எந்த சிக்னல் வந்தால் கேமரா படம் எடுக்க வேண்டும் என்பதை மென்பொருளில் குறிக்க வேண்டும். அதுதான் ட்ரிக்கர் சோர்ஸ். அம்மாவின் விளக்கம் வேறு. “அது யார் பேச்சைக் கேக்கணும்னு சொல்லிடணும். இல்லேன்னா உங்கப்பா மாதிரி, யார் பேச்சையும் கேக்காது.”

கையால் விசையைத் தட்டினால் தாமதமாகும். எனவே மைக்கைத் தேர்ந்தெடுத்தாள். வெடிச் சத்தம் கேட்டால் படம்.

காயை நனைத்தாள். கேமரா உடனே ஓடத் தொடங்கியது. காய் அசையவே இல்லை. பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவின் தறிச் சத்தத்தை வெடி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. நினைவகம் நிரம்பிய பிறகு காய் நிதானமாக வெடித்தது.

“துரைக்கண்ணு, உன் தறிச் சத்தம் கேமரா காதுல வெடி மாதிரி விழறது. செத்த நிறுத்தேம்பா!”

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. “இன்னா டீச்சர் நீ, முகூர்த்தப் புடவை ஓடிக்கினு இருக்குது. நாளானிக்கு அமாவாசை, எந்தத் தறியும் ஓடாது. அன்னிக்கு வெடியேன்!”

“அதுவரைக்கும் கேமரா இருக்காதே!”

“அப்ப அது காதுல பஞ்சு வை!”

அம்மா துள்ளி எழுந்தாள். “ஆமாம், காது எதுக்கு? கண்ணு போறும்!”

பள்ளிக்கூடச் சோதனைப் பெட்டியிலிருந்து லேசர் விளக்கும் ஒளி உணரியும் வந்தன. விதை ஒளிக்கற்றையைக் குறுக்கே வெட்டினால் சிக்னல். மெனுவில் மைக் போய், வெளி சிக்னல் வந்தது.

“விதை வரும்போது காய் பிளந்திருக்குமே?” என்றேன்.

“முன்னாடி நடந்ததையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோன்னு அதுக்குச் சொல்லிட்டேன்.”

கடைசிக் காய். ஒரு சொட்டுத் தண்ணீர். தறி தடதடத்தது, கேமரா அசரவில்லை. பட்!

அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினாள். விதைகள் பறந்து ஓட்டுக்குள் திரும்பின. இரு பாதிகளும் நெருங்கின. கடைசியில் மயிரிழை அளவு விரிசல் மட்டும். நுனியில்.

“தோத்துட்டேன்!” என்று கைதட்டினாள். “துரைக்கண்ணு, நான் தோத்துட்டேன்பா!”

“தோத்ததுக்கா டீச்சர் இந்தக் கூத்து?”

அம்மா சிரித்தாள். இன்னும் ஒரு படம் பின்னால் போனாள். விரிசல் இல்லை. காய் முழுசாக இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.