எண்ணெய் பூசிய நோட்டுகள்

சம்பளத்தை நோட்டாக வாங்கும்போதெல்லாம் நான் முதலில் அதை முகர்ந்து பார்க்கிறேன். நான் பாடம் சொல்லித்தரும் ஆரம்பப் பள்ளியின் மூத்த வாத்தியார் இதைக் கண்டு, "தாழம்பூவாய்யா அது?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். புங்க எண்ணெய் வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது என் சட்டைப்பைக்குள் போகும்.

ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்களில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஓய்வே கிடையாது. பட்டாளத்தார் காலுக்கெல்லாம் பூட்ஸ் வேண்டும். என் நைனா ஒரு சாயபுவின் ஷாப்பில், ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் தோல் புரட்டுகிற வேலை பார்த்தார். கூலி கூடியது. ஆனால் வெள்ளி ரூபாய் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டு, கூலி ஒரு ரூபாய் நோட்டுகளாக வரத் தொடங்கியது.

அதுவரை எந்த ரூபாயும் எங்கள் வாசற்கல்லில் விழுந்து கணீரென்று ஒலித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. நோட்டை எந்தக் கல்லில் போடுவது? நைனா அதைத் தோலைப் போல வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்காவது கீறல் உண்டா என்று தேடினார். அதில் வெள்ளி ரூபாயின் படமே அச்சாகியிருந்தது.

"இன்னாடா இது, ரூபா படத்தப் போட்டா ரூபா ஆய்டுமா? என்னமோ எழுதிக்கீதே, படி."

குடும்பத்தில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். கேட்டால் ஒரு ரூபாய் தருவதாக எழுதியிருக்கிறது என்றேன்.

"யாரு தருவான்?"

"சர்க்கார்."

"கேட்டா தர்றவன் இப்பவே குடுக்கறதுதானே? கையில வெச்சினு எதுக்குக் காயிதம்?"

பஜாரிலும் எல்லாருக்கும் அதே சந்தேகம்தான். நோட்டை நீட்டினால் அரிசிக்கடையில் ரூபாய்க்கு ஓர் அணா கம்மி.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. என்னை ஹைஸ்கூலில் சேர்ப்பதற்காக அம்மாவின் கம்மலைப் பள்ளிகொண்டாவில் ஒரு வட்டிக்காரரிடம் அடகு வைத்திருந்தோம். ஆடி முடிவதற்குள் மீட்காவிட்டால் கம்மல் அவருக்கு. மீட்பதும் வெள்ளி ரூபாயாகத் தந்தால்தான். காதுத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு அம்மா காத்திருந்தாள்.

நைனா நோட்டுகளைப் பானையில் போட்டு மண்ணுக்குள் புதைத்தார். வெள்ளி மண்ணில் கிடக்கும். காகிதத்தைக் கரையான் விடுமா? அதனால் எங்களிடம் சொல்லாமல், தமக்குத் தெரிந்த வழியில் அதைக் காப்பாற்றியிருக்கிறார். ஆடி பிறந்து பானையை எடுத்தபோது நோட்டுகள் பழுப்பேறி, ஆட்டுத்தோல் போல மெத்தென்றிருந்தன. பட்டைத் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, புங்க எண்ணெய் தடவியிருக்கிறார்.

"பாரு, ஒரு பூச்சி தொடல!"

அவ்வளவு பெருமை அவருக்கு. ரூபாயின் படம் மட்டும் கறைக்குள் போய்விட்டிருந்தது.

வேலூர் கஜானாவில் நோட்டுக்கு வெள்ளி தருவார்கள் என்று கேள்வி. ரயிலில் காட்பாடிக்குப் போய் இறங்கினோம். ஜட்காக்காரன் சொன்ன கூலியில் நைனாவுக்கு நம்பிக்கையில்லை; பாலாற்று மணலில் நடந்தே போனோம்.

குமாஸ்தா இரண்டு விரலால் ஒரு நோட்டைத் தூக்கினார். "எங்கய்யா அச்சடிச்சீங்க இத?"

"அச்சடிக்கல சாமி. பதம் பண்ணேன்."

"நோட்டையா?"

"தோலே கெடாம நிக்குது. காயிதம் நிக்காதா?"

குமாஸ்தா ஒவ்வொன்றையும் ஜன்னலருகே பிடித்து எண்களைத் தேடினார். பிறகு, இவற்றை மதராசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு ரசீது எழுதினார். நைனா நோட்டுகளின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரூபா போயி நோட்டாச்சு. நோட்டு போயி சீட்டாவுது. அடுத்தது இன்னா, வாயால சொல்லி அனுப்புவீங்களா?"

சேவகன் சிரித்தான். குமாஸ்தா சிரிக்கவில்லை. நைனா என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவன். சொல்லு, வருமா வராதா?"

நான் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் படிக்க ஒன்றுமில்லை. "வரும், நைனா" என்றேன். அவர் கையை எடுத்தார்.

வந்தது, ஆவணியில். அதற்கு முன்பே ரசீதைக் காட்டி வட்டிக்காரரிடம் தவணை கேட்டிருந்தோம். அவரும் காகிதத்தை நம்பாதவர்; தவணை தரவில்லை. நைனா கஜானாப் படியிலேயே உட்கார்ந்து, சேவகன் விரட்டும்வரை ஒவ்வொரு வெள்ளியாகத் தட்டிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டாவுக்குப் போனால், கம்மலை உருக்கியாயிற்று என்று வட்டிக்காரர் கையை விரித்தார்.

"உருக்கினானோ, பொண்டாட்டி காதுல மாட்டினானோ, யாரு கண்டா?" என்றார் நைனா, வழியெல்லாம்.

புதுக் கம்மல் வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தட்டான் செம்பு ஜாஸ்தியா கலந்தா உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வெள்ளி பானைக்குள் போயிற்று.

இப்போது சண்டை ஓய்ந்து சில வருஷமாகிவிட்டது. பூட்ஸ் கேட்பார் இல்லை. தோல் விலை விழுந்து, சாயபு ஷாப்பைப் பூட்டிவிட்டார். என் சம்பளம் பாதி மாதத்துக்குத்தான் காணும். மீதிக்கு அந்தப் பானைதான். நைனாவின் சந்தேகத்தைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் காதைப் பார்த்தால் மெச்சவும் வரவில்லை.

போன வாரம் அரிசிக்குப் பானையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்த நைனா, வழக்கம்போல அதை வாசற்கல்லில் போட்டார்.

"பொதைச்சதும் நீ, தோண்டுனதும் நீ. யாரு மேல சந்தேகம்?" என்றாள் அம்மா, ஈர்க்குச்சியைத் திருகிக்கொண்டே.

நைனா இன்னொரு தரம் போட்டுக் கேட்டார்.

இந்த மாதச் சம்பளத்தில் கம்மலுக்கென்று ஒரு நோட்டை ஒதுக்கியிருக்கிறேன். பெட்டியில் வைத்தால் கரையான். நைனாவிடம் கொடுக்க முடியாது. தபாலாபீசில் போட்டால் ஒரு சிட்டைப் புத்தகம் தருவார்கள், அதுவும் காகிதம். இப்போதைக்கு அது என் சட்டைப்பையில் இருக்கிறது. இதை எழுதும்போதே பலமுறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.