குழாயைக் கழுவிய சுடுதண்ணீர்

சவுக்குக் கட்டையைச் சில்லுகளாக்கி, காஸ்டிக் சோடாவும் சல்ஃபைடும் கலந்த கரைசலில் அழுத்தத்தோடு வேகவைத்தால் நார் தனியாகும். அதிலிருந்துதான் காகிதம். நாரை அலசி எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் அந்தத் தண்ணீரோடுதான் போனது. பெரிய ஆலைகளில் அதைப் பாகு போல் சுண்டவைத்து, ரெக்கவரி பாய்லரில் எரிப்பார்கள். மரத்தின் சத்து எரிந்து நீராவி தரும். போட்ட ரசாயனம் அடியில் உருகி வழிந்து திரும்பக் கிடைக்கும். அதையே மறுபடி சமையலுக்கு எடுத்துக்கொள்வார்கள். இதை நான் விளக்க ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஓய்வுபெற்று முத்தியால்பேட்டை வீட்டில் நிம்மதியாக இருந்தவனை இழுத்துவிட்டவன் அவளுடைய தம்பி. தட்டாஞ்சாவடியில் அவனுக்கு ஒரு சின்ன ஆலை. பழுப்புக் காகிதம் செய்கிறான். ரெக்கவரி பாய்லர் வைக்க அவனுக்கு வசதியும் கிடையாது, இடமும் கிடையாது. கறுப்புத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தேக்கி, கடைசியில் அதிகாரிகள் வந்து, இதற்கு வழி பண்ணாவிட்டால் ஆலையைப் பூட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"மாமா, தென்னந்தோப்புக்கு உட்டா என்ன? உரம்தானே?"

"தோப்பு யாரோடது?"

"வேற ஒருத்தரோடது."

"அதான் உரமாத் தெரியுது உனக்கு."

அடுத்த வாரம் யாரோ ஒருவனை அழைத்து வந்தான். அவன் ஆசிட் ஊற்றினால் கறுப்பெல்லாம் அடியில் படிந்துவிடும் என்றான். படியும். கூடவே அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பி, தொட்டி ஓரம் நிற்கிறவனையும் படியவைக்கும். நான் கத்தியதில் அவன் தன் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டான். மச்சான் மட்டும், "சும்மா ஒரு ஐடியாதானே சொன்னாரு" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

கடைசியில் நானே வழி செய்தேன். பழைய எவாப்பரேட்டர் ஒன்றை வாங்கி ஓட்டி, தண்ணீரைப் பாகாகச் சுண்டவைத்து, டேங்கர் லாரியில் பெரிய ஆலை ஒன்றுக்கு அனுப்புவது. அங்கே பாய்லருக்குப் பொறுப்பாக இருந்தவன் என்னிடம் வேலை கற்றவன். கெட்டியாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

எவாப்பரேட்டரைப் பார்த்துக்கொள்ள மச்சான் ஓர் ஆளைக் கொடுத்தான். அரியாங்குப்பத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர், வாய் மூடாதவர். அவர் குடும்பத்தில் யாரோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார்களாம். அந்த உரிமையில் என்னை, ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். இந்தத் தண்ணீருக்குத் தொழிலில் பிளாக் லிக்கர் என்று பெயர் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "முசியே எனக்குத் தெனமும் லிக்கர் காச்சக் கத்துக் குடுக்கறாரு" என்பார். அந்தக் கரைசலின் நாற்றத்தைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "நான் உள்ள வந்தா எங்க வூட்டு நாய் கொலைக்கறதில்ல முசியே. எழுந்து பக்கத்து வூட்டுக்குப் போயிடுது" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வால்வைப் பார்க்கச் சொன்னேன். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவரிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். பாகைத் தொட்டிக்கு ஏற்றி முடித்ததும் குழாயில் சுடுதண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் பாகு உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். "எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது" என்றேன். அவர் மறக்கவில்லை.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மிதவை போடுவார்களே, அந்த மாதிரி ஒன்றைத் தினமும் எவாப்பரேட்டரிலிருந்து பாகு வெளியே வரும் வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல கெட்டி. தொட்டி நிரம்பியது. முதல் டேங்கர் கிளம்பியது. மச்சான் அதற்குப் பூசணிக்காய் உடைத்தான்.

லாரி திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே போன் வந்தது.

"சார், தண்ணியா அனுப்பியிருக்கீங்க. இத அடிச்சா பாய்லர் வெடிச்சிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார் இது?"

நான் சொல்லிக்கொடுத்ததுதான். உருகின ரசாயனத்தின் மேல் நீர்த்த கரைசல் விழுந்தால் பாய்லரே கிழிந்துபோகும்.

மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஆலையில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அரியாங்குப்பத்துக்காரரைக் கைநீட்டிக் காட்டினேன்.

"வாய் ஓயாம பேசினா வால்வு மேல எங்கிருந்து கண்ணு இருக்கும்? தண்ணியத் தொறந்து உட்டுட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்திருக்கான்!"

'அவர்' என்று இருந்தது அந்த நேரத்தில் 'அவன்' ஆகிவிட்டது.

"மாதா மேல சத்தியமா முசியே, நீங்க சொன்னதத் தவிர ஒண்ணும் பண்ணல."

மச்சான் அவரை அன்றே நிறுத்திவிட்டான்.

மறுநாள் வேறு ஆள் இல்லாததால் நானே பம்ப்பை ஓட்டினேன். ஏற்றி முடித்ததும் என் கை தானாகவே சுடுதண்ணீர் வால்வைத் திறந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான், இது எங்கே போகிறது என்று முதல் தடவையாக என்னையே கேட்டுக்கொண்டேன். பெரிய ஆலையில் கழுவின தண்ணீர் தனிக்குழாய் வழியாக, சுண்டாத கரைசல் இருக்கும் தொட்டிக்குத் திரும்பிவிடும். இங்கே இருந்தது ஒரே குழாய். அது போய்ச் சேர்வது பாகுத் தொட்டியில். நான் சொல்லி, அவர் தினமும் பக்தியாக அதில் தண்ணீர் கலந்திருக்கிறார். நானோ மிதவையை எவாப்பரேட்டர் வாயில் போட்டதோடு சரி, தொட்டியில் ஒரு நாளும் போடவில்லை.

கறுப்புத் தண்ணீர் தேங்கும் பழைய தொட்டிக்குத் தனிக்குழாய் இழுத்தேன். பாகை மறுபடி சுண்டவைத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். மச்சான், "மாமான்னா மாமாதான்" என்றான். குழாயை மாற்றியதாக மட்டும் சொன்னேன். ஏன் மாற்றினேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு படித்தவன் செய்த வேலை இது.

தட்டாஞ்சாவடி பெரிய இடமில்லை. லோடைக் கெடுத்த ஆள் என்று பேச்சுப் பரவி, எந்த ஆலையிலும் அவரை எடுக்கவில்லை என்பது தெரியவந்தது. அதன் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. மச்சானிடம் போய், தப்பு என்னுடையது என்றேன்.

"இத இப்ப எதுக்கு மாமா கௌர்றீங்க? வேற ஆள் பாத்துட்டேன்."

"அவரு வரலன்னா நானும் வரல."

"ரெண்டு பேரும் சேந்து என் உயிர எடுங்க" என்று ஒத்துக்கொண்டான்.

பஸ் பிடித்து அரியாங்குப்பம் போனேன். வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். பிழைப்புக்கு அதைப் பிடித்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? அங்க அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்கல்ல. அங்கயே சொல்லுங்க, வரேன்."

சொன்னேன், ஆலை வாசலில், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒரு லாரி டிரைவர் ஹாரன் அடித்து, "பெருசு, ஓரமா நின்னு பேசு" என்றான்.

அவர் வேலைக்குத் திரும்பினார். இப்போது என்னிடம் கதை பேசுவதில்லை. முசியே போய் சார் வந்துவிட்டது. ஆனால் தினமும் பாகு ஏற்றி முடித்ததும், சுற்றி நாலு பேர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, உரக்கக் கேட்பார்.

"சார், சுடுதண்ணி உடறேன். எங்க போவுது?"

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறும். குழாய் கண்ணெதிரே இருக்கிறது. இழுத்தவனும் நான்.

"பழைய தொட்டிக்குப் போவுது" என்று அதே சத்தத்தில் பதில் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் வால்வைத் திறப்பார்.